புல்லுக்கு அடியில் இருந்த குளம்

டன்லீ நகரத்தைச் சுற்றிப்பார்க்க வருகிறவர்களை வெர்டெல் பிக்கன்ஸ்தான் பல வருடங்களாகத் திறந்த பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். பருத்தி முதலாளிகளின் வெள்ளைத் தூண் வைத்த வீடுகள், போர்வீரன் சிலை, பூங்கா, பீக்கன் பருப்பு மிட்டாய்க் கடை. ஓட்டுவதும் அவள்தான், மைக்கில் பேசுவதும் அவள்தான். பேச வேண்டியதை முதலாளி டார்சி வெபர்ன் தாளில் அடித்துக் கொடுத்திருந்தாள். வெள்ளைக்காரியான டார்சிக்குக் கறுப்பினத்தவளான வெர்டெலின் வயதில் பாதிதான். ஆனாலும் 'வெர்டெல் கண்ணு' என்றுதான் கூப்பிடுவாள். வெர்டெலோ 'மிஸ் டார்சி' என்றாக வேண்டும். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் சட்டம் மாறியது, கூப்பிடும் முறை மாறவில்லை.

மற்ற இடங்களில் வெர்டெலின் வாய் தாளைப் படிக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். பூங்கா நெருங்கினால் மட்டும் விரல்கள் ஸ்டியரிங்கில் தாளம் போடத் தொடங்கிவிடும். அங்கே புல்வெளியின் நடுவில், கடுங்கோடையில், புல் நீள்சதுரமாகக் காயும். அளந்து போட்டதுபோல் நான்கு கோடுகள். பழைய வாத்திய மேடையின் தடம் என்றது தாள்.

அது மேடையில்லை, நகராட்சி நீச்சல்குளம். கறுப்புப் பிள்ளைகளையும் உள்ளே விட வேண்டும் என்று நீதிமன்றம் சொன்னதும், அவர்களோடு ஒரே தண்ணீரில் இறங்குவதைவிடக் குளமே வேண்டாம் என்று லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மூடினார்கள். சிமெண்டு விளிம்பு இன்னும் கீழே இருக்கிறது. மழை பொய்த்தால் காட்டிக்கொடுக்கிறது. வெர்டெலின் அண்ணன் லூஷியஸ் அந்தக் குளத்துக்கென்று புது அரைக்கால் சட்டை வாங்கி வைத்திருந்தான். அதைப் போட்டுக்கொண்டு ஆற்றுக்குப் போனான். நீச்சல் தெரியாது. திரும்பவில்லை. கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்றார் போதகர். சிறுமியாக இருந்தபோதே வெர்டெலுக்கு அது பொருந்தவில்லை. கர்த்தரிடம் லாரி இருந்ததில்லை, நகராட்சியிடம் இருந்தது.

இதை ஒருமுறை டார்சியிடம் சொல்லிப் பார்த்தாள். லீவில் வருகிறவர்களுக்கு எதற்குச் சோகம் என்றாள் டார்சி. தாளில் இல்லாததைப் பேசினால் சாவியை வைத்துவிட்டுப் போகலாம் என்பதையும் சிரித்தபடியே சொன்னாள். வெர்டெலின் கணவர் எமெட்டின் மருந்துச் செலவு அந்தச் சாவியில்தான் தொங்கியது. அதனால் மேடை மேடையாகவே இருந்தது. இரவில் அவள் எழுந்து எழுந்து வாசலுக்கும் சமையலறைக்கும் நடந்தாள்.

அந்த ஆகஸ்டில் நோரா என்ற வெள்ளைக்காரக் கிழவி பேரப்பிள்ளைகளோடு பஸ்ஸில் ஏறினாள். பூங்காவைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

"இங்கதான்டா நான் நீச்சல் கத்துக்கிட்டேன். அப்புறம் பம்பு கெட்டுப்போச்சுன்னு மூடிட்டாங்க, பாவம்."

வெர்டெல் பஸ்ஸை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தாள். திரும்பி, மைக் இல்லாமலே சொன்னாள்.

"பம்பு கெடலம்மா. எங்க அண்ணன் உள்ள வந்துடுவான்னு மூடுனாங்க."

தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. லாரி, மண், ஆறு, அரைக்கால் சட்டை எல்லாம் வெளியே வந்தது. கிழவி கைப்பையின் வாரை முறுக்கிக்கொண்டிருந்தாள்.

"எனக்கு யாரும் சொல்லலியே."

"நீங்க யாரையும் கேக்கலியே."

பின்வரிசையில் ஒருவர், பணம் கொடுத்தது பாடம் கேட்கவா என்று முணுமுணுத்தார். மிட்டாய்க் கடை வருவதற்குள் அவர் டார்சிக்குப் போன் செய்துவிட்டார். மாலையில் சாவி கைமாறியது.

எப்படிச் சொல்வதென்று தவித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தவளைப் பார்த்து எமெட் சிரித்தார்.

"பகல்லயாவது வாயத் தொறந்தியே. தூக்கத்துல நீ பேசிப் பேசி என் காதுதான் தேஞ்சுது. மருந்த விடு, பாத்துக்கலாம்."

மருந்தை விட முடியாது என்பது இருவருக்கும் தெரியும். காலையில் அவள் பள்ளிப் பேருந்து வேலைக்கு மனு கொடுத்தாள். நேராக வீட்டுக்குப் போயிருக்கலாம். கால் கேட்கவில்லை. சுற்றுலா பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கி, முன்வரிசையில் உட்கார்ந்தாள். வேறு ஓட்டுநர் கிடைக்காததால் டார்சியே ஓட்டினாள். கண்ணாடியில் வெர்டெலைப் பார்த்ததும் அவள் கழுத்து சிவந்தது. டிக்கெட் வாங்கியவளை எப்படி இறக்குவது?

பூங்கா வந்தது. டார்சி மேடையைப் பற்றி அவசரமாகப் படித்தாள். வெர்டெல் கையைத் தூக்கினாள்.

"ஒரு சந்தேகம் மிஸ் டார்சி. அந்த மேடையில எந்த பேண்டு வாசிச்சுது?"

டார்சி தாளைப் புரட்டினாள். பின்னால் குழந்தையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்து, அப்படியானால் அது என்னதான் என்று கேட்டாள்.

வெர்டெல் இருக்கையில் திரும்பி உட்கார்ந்தாள்.