பலம் குறைக்காத பீரங்கி

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதிலும் அண்ணன் அந்தப் பீரங்கியைக் கொண்டுவந்த அன்றைக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அமெரிக்காவில் பேங்குகள் கவிழ்ந்த வருஷம் அது. பெங்களூரில் அண்ணன் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கம்பெனி ஆளைக் குறைத்தது. குறைத்தவர்களில் அவனும் ஒருத்தன். சிவகாசிக்குத் திரும்பி வந்தவன் மாடி அறைக்குள் போனான், அவ்வளவுதான். நாலு மாதமாகத் தெருவில் கால் வைக்கவில்லை. வேலை என்னாச்சு என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பயம். சாப்பாட்டுக்குக் கீழே வருவான். மற்ற நேரமெல்லாம் கம்ப்யூட்டரில் ஒரே சண்டை விளையாட்டு. அம்மா அவனிடம் ஒன்றும் கேட்கமாட்டாள். அடுப்படியில் நின்று மாடிப்படியைப் பார்த்துக்கொண்டே இருப்பாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்காது.

அவன் பெட்டிக்குள் ஜெராக்ஸ் போட்ட விதிப் புத்தகம் ஒன்றும், ஒரு பை நிறையப் பகடைகளும் கிடந்தன. ஆறு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமான பகடைகள். பெங்களூரில் கூட்டாளிகளோடு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து ஆடுவார்களாம். ஒருத்தர் கதையை நடத்த வேண்டும். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, நான் இதைச் செய்கிறேன் என்று சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா இல்லையா என்று பகடை சொல்லும். கம்ப்யூட்டரை விட்டு அவனை எழுப்ப இதை விட்டால் வழியில்லை என்று தோன்றியது. புத்தகத்தை நானே உட்கார்ந்து படித்தேன். கதை நடத்துகிற வேலையை எடுத்துக்கொண்டேன்.

ஆளும் நானே பிடித்தேன். எதிர்வீட்டு அக்கா நர்ஸ். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் பைபிளோடு நேரே எங்கள் வீட்டுக்கு வந்துவிடும். இன்னொருத்தி அத்தை மகள், எனக்கு மதினி முறை. நாலு தெரு தள்ளி வீடு. தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனிக்கு வேனில் போய் வருகிறவள். ஆட்டத்தில் அக்கா வைத்தியச்சி, மதினி வில்லாளி, அண்ணன் வாள்வீரன். இரண்டு ஞாயிறு நன்றாகப் போனது. அண்ணன் வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசினான்.

மூன்றாவது ஞாயிறு, வாளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கம்ப்யூட்டர் விளையாட்டிலிருந்து ஒரு மின்னல் பீரங்கியைக் கொண்டுவந்தான். வாளுக்கு ஒரு பகடை உருட்டினால் அதற்குப் பத்துப் பகடை, அடியும் பத்து மடங்கு. நான் ஒரு வாரம் உட்கார்ந்து எழுதிவைத்த பூதப்படையை ஒரே உருட்டில் சாம்பலாக்கிவிட்டான்.

"நாங்க எதுக்கு இங்கன உக்காந்திருக்கோம்?" என்றாள் மதினி.

அடுத்த வாரம் பத்துப் பகடையை நாலாக்கினேன். அண்ணன் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தான். "இதுக்குப் பேரு பீரங்கியா? கத்தின்னு எழுதிக்க" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். சரி, போய்த்தொலை என்று அடுத்த வாரம் பீரங்கிக்குப் பத்தையும் திருப்பிக் கொடுத்து, பூதங்களுக்கும் பலத்தைக் கூட்டினேன். பீரங்கியைத் தாங்குகிற பூதத்தின் ஓர் அடிக்கு அக்காவும் மதினியும் சுருண்டு விழுந்தார்கள். அக்காவுக்கு முகம் வாடிவிட்டது.

"ஆஸ்பத்திரியிலதான் ஒண்ணும் செய்ய முடியாம நிக்கேன். இங்கனயும் நிக்கணுமா? அடுத்த வாரம் என்னைத் தேடாதீக."

பிறகு ஒரு ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் சுடலாம் என்று வைத்தேன். அண்ணன் முதல் ஐந்து நிமிஷத்தில் சுட்டுவிட்டு, மீதி இரண்டு மணி நேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆட்டம் கலைந்தால் அவன் பழையபடி மாடியேறிவிடுவான். அதுக்கப்புறம் அவனை இறக்க என்னிடம் ஒன்றும் இல்லை.

அதை மதினியிடம் அவள் வீட்டுக்கே போய்ச் சொன்னேன். துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"உனக்குப் புத்தி இருக்கா? எங்க கம்பெனியில வெடிமருந்தோட பலத்தை யாராவது கொறைப்பாகளா? கொறைச்சா வெடிக்காது, லோடு திரும்பி வந்திரும். ஆளைத்தான் கொறைப்பாக. மருந்து கலக்குற ரூமு தள்ளி இருக்கும், ரெண்டு பேருக்கு மேல உள்ள போகக் கூடாது. கலந்ததை அன்னைக்கே முடிச்சிரணும், மிஞ்சினா தண்ணியில போட்டு அழிச்சிரணும். அம்புட்டு பலமான சாமானைக் கூட்டத்துக்கு நடுவுல வச்சுக்கிட்டு நிக்கார் உங்க அண்ணன்."

அடுத்த ஞாயிறு அக்காவைக் கெஞ்சிக் கூத்தாடிக் கூட்டிவந்தேன். அன்றைக்கு ஆட்டம் இல்லை. நான் வேலை பார்க்கிற அச்சாபீசிலிருந்து கொண்டுவந்த வீணாய்ப்போன லேபிள் தாள்களைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் விதி எழுதினோம். பீரங்கிக்குப் பத்துப் பகடை அப்படியே இருக்கும். ஆனால் சுடும்போது மின்னல் விழுகிற இடத்துக்கு இருபது அடிக்குள் கூட்டாளி யார் நின்றாலும் அவர்களும் கருகுவார்கள். மருந்து ஏற்றினால் பொழுது சாய்வதற்குள் சுட்டாக வேண்டும், இல்லையென்றால் தண்ணீரில் முக்க வேண்டும். முக்கினால் பீரங்கி அதோடு சரி, திரும்பச் சுடாது. கடைசி விதியைச் சொன்னதே அண்ணன்தான். "அப்பத்தான் நியாயமா இருக்கும்" என்று சொல்லி அவன் கையாலேயே எழுதினான்.

நான் பாதாளக் கோட்டைக்குப் படம் போட்டேன். அண்ணன் அதையே உற்றுப் பார்த்தான்.

"ஏ புள்ள, ஒவ்வொரு ரூமுக்கும் எதுக்கு நாலு கதவு? எல்லாம் வெளிப்பக்கமாத் திறக்குது?"

"எங்க பட்டாசு ரூமு அப்படித்தான் இருக்கும். ஒரு கதவு வச்சா, வெடிச்சா உள்ள இருக்கிறவுக எப்படி ஓடுவாக?" என்று மதினி எனக்குப் பரிந்து பேசினாள்.

"கைதியை அடைக்கிற கோட்டைம்மா இது. எவனும் எந்தப் பக்கமும் போயிரலாம் போலிருக்கே" என்று அண்ணன் சிரித்தான். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. ஊருக்கு வந்து அவன் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டோம். கதவுகளைக் குறைத்து மறுபடி வரைந்தேன்.

அதற்கப்புறம் பீரங்கியால் கதை கெடவில்லை. எங்கே நிற்பது, யார் முன்னால் போவது, யார் விலகுவது என்று ஒவ்வொரு அறைக்கும் அரைமணி நேரம் வாக்குவாதம் நடக்கும். மற்றவர்கள் நகர்ந்தால்தான் அண்ணன் சுட முடியும் என்பதால் அவன் ஒவ்வொருவரையும் கேட்டுக் கேட்டு ஆடினான். ஆனால் ஆட்டம் முடிந்ததும் மாடிக்குத்தான் போவான். அது மட்டும் மாறவில்லை.

பொங்கல் முடிந்த ஞாயிறு. கோட்டையின் கடைசி மண்டபத்தில் இரும்புத்தோல் மிருகம். அக்காவைப் பகடை கைவிட்டது, அக்கா மிருகத்தின் காலடியில் மயங்கிக் கிடந்தது. மதினியிடம் ஒரே அம்பு. அண்ணன் மருந்து ஏற்றிய பீரங்கியோடு வாசலில், கதையில் பொழுது சாய்கிற நேரம். மிருகத்திலிருந்து இரண்டு பேரும் பத்தடிக்குள்.

"சுட்டுருங்க அத்தான். அது செத்தா கோட்டை நம்மளது. நாங்க வேற ஆளா வந்து சேர்ந்துக்கிடுதோம்" என்றாள் மதினி.

அது நியாயமான யோசனைதான். விதியிலும் இடம் இருந்தது. அண்ணன் பகடைகளைக் கையில் வைத்து ரொம்ப நேரம் குலுக்கிக்கொண்டிருந்தான். பிறகு பத்தையும் மேஜையில் வைத்தான்.

"வாசல்ல அகழி இருக்குன்னு சொன்னேல்ல?"

"ஆமா."

"பீரங்கியை அதுல முக்கிட்டேன்."

"அண்ணே, திரும்பச் சுடாது. நீயே எழுதினது."

"தெரியும். உள்ள போறேன்."

"கையில என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. அக்கா கையைப் பிடிச்சு வெளிய இழுக்கேன்."

இருபது முகப் பகடையில் பன்னிரண்டுக்குக் குறையாமல் விழ வேண்டும். உருட்டினான், ஆறு. மிருகம் அவனை அடித்தது. மதினி கடைசி அம்பை அதன் கண்ணுக்கு விட்டாள். மறுபடி உருட்டினான், பதினைந்து. மூன்று பேரும் விழுந்தடித்து வெளியே வந்தார்கள். மிருகம் உயிரோடு இருக்கிறது, கோட்டை கிடைக்கவில்லை, பீரங்கியும் போனது. அக்கா மேஜைக்குக் குறுக்கே கையை நீட்டி அண்ணன் கையை நிஜமாகவே பிடித்துக்கொண்டது.

"உசிரோட கொண்டாந்துட்டியே தம்பி" என்றது. ஆட்டம் முடிந்த பிறகும் விடவில்லை.

மதினி செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்களை இம்புட்டு தூரம் இழுத்தாந்தீக அத்தான். எங்க வீடு நாலு தெருதான், வந்து விட்டுட்டுப் போக மாட்டீகளா?" என்று கேட்டாள். கிண்டலாகத்தான் கேட்டாள். அண்ணன் அவள் முகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். மாடிப்படிக்குக் கீழே குனிந்து செருப்பைத் தேடி எடுத்து, தூசியைத் தட்டிவிட்டுக் காலில் போட்டுக்கொண்டான்.

நான் மேஜையிலிருந்து எழுந்திருக்கவே இல்லை. எழுந்து வாசலுக்குப் போய்ப் பார்த்தால் திரும்பிவிடுவானோ என்று பயம்.

கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஒரு தம்ளர் காப்பியோடு வந்து, வழக்கம்போல மாடிப்படியில் கால் வைத்தாள்.

"அவன் மேல இல்லம்மா" என்றேன். "வெளிய போயிருக்கான்."