ஈறில் எங்கே வெயில் படும்? காலடிப்பேட்டையிலிருந்து ஒரு மருத்துவமனைப் பயணம்

இந்த வழியில் சுற்றிப்பார்க்க ஒன்றுமில்லை. பிள்ளையின் தோலைப் பார்த்துப் பயந்து, வடசென்னையிலிருந்து பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்புகிறவர்களுக்காக எழுதுகிறேன். நாங்கள் போனது போன சித்திரையில்.

மகள் யாழினிக்கு ஏழு வயது. நாலு வயதில் கழுத்தில் வெள்ளைத் திட்டு வந்தது. அப்புறம் தலையில் காசளவு சொட்டை, நகமெல்லாம் குழி. ஒவ்வொன்றுக்கும் ஒரு களிம்பு வாங்கினோம். இந்த வருடம் விரல் மூட்டும் முழங்கையும் கறுத்தன. "எண்ணூர்ப் புகை, கடற்கரை வெயில்" என்றார்கள், நம்பினேன். ஒருநாள் பல் தேய்த்துவிடும்போது பார்த்தால், ஈறு நாவற்பழம் தின்றதுபோல் கறுத்திருந்தது. ஈறில் எங்கே வெயில் படும்? அதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

கிளம்பிய காலையில் இரண்டு முறை வாந்தி எடுத்தாள். கணவர் துறைமுகத்தில் ஷிப்டில் இருந்தார். ஆஸ்பத்திரி இருக்கும் சென்ட்ரலுக்கு மெட்ரோ நேராகப் போகும், அரை மணி நேரம்தான். ஆனால் நிலையத்துப் படியிலேயே துவண்டு உட்கார்ந்துவிட்டாள். கை ஜில்லென்றிருந்தது. ஆட்டோ பிடித்தேன், சுமார் பத்து கிலோமீட்டர், முந்நூறு ரூபாய்.

"இன்னாமா, கொய்ந்தைக்கு இன்னா ஆச்சு?" என்றார் ஓட்டுநர்.

"கண்ணே தொறக்கமாட்டேங்குதுண்ணா."

"பீச் ரோட்ல கண்டெய்னர் லாரியா நின்னுகினு கீது. நான் சந்துல பூந்து போறேன். நீ பேசிகினே இரு, தூங்க வுடாத."

பேசினேன். பதிலில்லை. ராயபுரம் பாலத்தில் அவள் மூக்கருகே விரல் வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்தேன்.

அவசரப் பிரிவில் மருத்துவர் உதட்டை மடித்துப் பார்த்தார். உள்ளங்கையை விரித்தார். ரேகைகூடக் கறுத்திருந்தது, நான் கவனிக்கவே இல்லை.

"உப்பா கேக்குறாளா?"

"கருவாட்டை நக்குவா, டாக்டர்."

உடனே ஸ்டீராய்டு ஊசி போட்டு, சலைன் ஏற்றினார்கள். சாயங்காலம் "அம்மா, பசிக்குது" என்றாள். அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது.

உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச்சக்தியே உடம்பைத் தாக்கும் அபூர்வமான பரம்பரை நோய் என்று பிறகு ரத்தப் பரிசோதனையில் உறுதியானது. திட்டு, சொட்டை, நகம் எல்லாம் அதன் வேலைதான். சிறுநீரகத்தின் மேலிருக்கும் சுரப்பி கெட்டதால் தோல் கறுத்திருக்கிறது, உடம்பில் உப்பும் தங்கவில்லை. கணவர் என் தாய்மாமன் மகன். எங்கள் இருவரிடமிருந்தும் ஆளுக்கொரு பழுதான மரபணு அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கிறது.

போகிறவர்களுக்கு: தோலில் ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றங்கள் வந்தால் களிம்போடு நிற்காதீர்கள். எல்லாவற்றையும் போனில் படம் எடுத்து ஒரே மருத்துவரிடம் காட்டுங்கள். வாந்தியும் மயக்கமும் சேர்ந்தால் என்னைப்போல ஆட்டோ தேடாமல் நூற்றெட்டைக் கூப்பிடுங்கள். ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தால் மருத்துவர் சொல்லாமல் ஒருவேளைகூட நிறுத்தாதீர்கள்.

யாழினி மறுபடி பள்ளிக்கூடம் போகிறாள். அவள் தம்பிக்கு எட்டு மாதம். அவனுக்கும் ரத்தம் எடுத்திருக்கிறார்கள், முடிவு இன்னும் வரவில்லை. குளிப்பாட்டியதும் ஜன்னல் வெளிச்சத்தில் அவனைத் தூக்கிப் பிடித்து விரல் விரலாகப் பார்க்கிறேன். விளையாட்டு என்று நினைத்துச் சிரிக்கிறான்.