வாடைக்கு நான் சொன்ன பதில்

1. தைபேயில் பதினைந்து நாள்

தைபேயில் இறங்கிய முதல் நாள் மாலை அந்த வாடை மூக்கில் ஏறியதும், எங்கோ சாக்கடை உடைத்துக்கொண்டது என்றுதான் நினைத்தோம். ஜமால் சட்டைக் காலரைத் தூக்கி மூக்கை மூடிக்கொண்டான். "மாமா, இதையா நாம துபாயில விக்கப் போறோம்?"

எங்கள் முதலாளி மிஸ் லின் தைவான்காரர். துபாய்க்கு வெளியே குளிர்காலத்தில் மட்டும் நடக்கும் ஒரு சந்தையில், தைவான் தெருச் சாப்பாட்டுக் கடை போட இடம் எடுத்திருந்தார். அவருடைய துபாய் உணவகத்தில் நான் பதினோரு வருஷம் கிச்சன் இன்சார்ஜ், ஊர் அறந்தாங்கி. ஜமால் ஃபிரையர் மாஸ்டர், தொண்டிக்காரன். ஊர் வழக்கப்படி என்னை மாமா என்பான், நான் மாப்ள என்பேன். தொழில் பழகிவர எங்கள் இருவரையும் அனுப்பி வைத்தார்.

தைபேயில் மாலை ஐந்து மணிக்கு வெறும் ரோடாகக் கிடப்பது ஆறு மணிக்குக் கடைத்தெருவாகிவிடும். வண்டிகளைத் தள்ளிக்கொண்டு வருவார்கள், பல்பு எரியும், எண்ணெய் காயும். சிப்பி போட்ட ஆம்லெட், முகத்தைவிட அகலமான கோழி வறுவல், குச்சியில் குத்திய கணவாய், மரவள்ளி மாவு உருண்டை மிதக்கும் டீ. ஆபீஸ் முடிந்து வந்தவரும் பள்ளிப் பிள்ளைகளும் பிளாஸ்டிக் ஸ்டூலில் முட்டி இடிக்க உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இந்த ஊரில் யார் வீட்டிலாவது அடுப்பு இருக்குமா என்று ஜமாலுக்குச் சந்தேகமே வந்துவிட்டது.

நாங்கள் வேலை பழகியது நாறும் தோஃபுக் கடையில். சோயாப் பால்கட்டியைப் புளித்த உப்புநீரில் ஊறப்போட்டுப் பொரித்து, கோஸ் ஊறுகாயோடு கொடுப்பார்கள். ஐந்தாம் நாள் வாடை எங்களுக்குத் தெரியவில்லை. பத்தாம் நாள் ஜமால் மூன்று பிளேட் சாப்பிட்டான். அந்தக் கடைக்கார அம்மாள் தினமும் பர்னரைப் பற்றவைக்குமுன் கேஸ் ஓஸின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கேஸ் கசிந்து குமிழி வருகிறதா என்று பார்ப்பார். சாஸ் அளவையெல்லாம் நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். சோப்புத் தண்ணீரை எழுதிக்கொள்ளவில்லை. ஜமால் மட்டும் துபாய் வந்தபிறகு ஒரு வாரம் தடவிப் பார்த்தான். நேரம் போகிறது என்று நான்தான் நிறுத்தச் சொன்னேன்.

2. ஒரே பதில்

எங்கள் கடைக்கு வாடையே விளம்பரமாகிவிட்டது. மூக்கைப் பிடித்துக்கொண்டு வருவார்கள், வீடியோ எடுப்பார்கள், முகத்தைச் சுளிப்பார்கள், பிறகு வாங்குவார்கள். ஒரு நாளைக்கு நூறு பேராவது "என்ன நாத்தம் இது?" என்று ஏதோ ஒரு மொழியில் கேட்பார்கள். நூறு பேருக்கும் என்னிடம் ஒரே பதில்: "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க, அப்புறம் பேசுவோம்." இந்தியிலும் இங்கிலீஷிலும் வைத்திருந்தேன். லைனில் நிற்பவர்கள் சிரிப்பார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு.

3. அந்த வெள்ளிக்கிழமை

அன்று மணலோடு காற்று அடித்தது. எண்ணெயில் மண் விழாமல் இருக்கக் கடையின் மூன்று பக்கமும் பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டிருந்தோம். எங்களிடம் கரண்ட் ஃபிரையர் ஒன்று. கூட்டம் கூடினால் மட்டும் பற்றவைக்கக் கேஸ் ஃபிரையர் ஒன்று. அன்று லைன் பக்கத்துக் கடையைத் தாண்டி நின்றது.

லைனில் ஒருவர் குடும்பத்தோடு வந்திருந்தார். திருநெல்வேலிப் பேச்சு. ஏதோ பிளான்ட்டில் வேலை பார்ப்பவர் போல, கழுத்தில் ஐடி கார்டு. கவுன்ட்டருக்கு வந்தவர் ஆர்டர் சொல்லவில்லை. "அண்ணாச்சி, இது தோஃபு வாடை மட்டும் இல்ல. கேஸும் அடிக்கு. கொஞ்சம் பாருங்க."

நான் என் பதிலைச் சொன்னேன். "ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க சார், அப்புறம் பேசுவோம்." பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. மனைவி கையைப் பிடித்துக்கொண்டு லைனை விட்டுப் போய்விட்டார்.

ஜமால் திரும்பிப் பார்த்தான். "மாமா, சிலிண்டர மூடிட்டு ஓஸ ஒரு தடவ பாத்துர்றேன். ரெண்டு நிமிஷம்."

"லைன் எங்க நிக்கிதுன்னு பாத்தியா மாப்ள? கேஸப் பத்தவை. கூட்டம் குறையட்டும், பாத்துக்கலாம்."

அவன் குனிந்து லைட்டரைத் தட்டினான். தீ அடுப்பிலிருந்து வரவில்லை, தரையிலிருந்து வந்தது. திரை உருகி அவன் முதுகில் ஒட்டியது. நான் கவுன்ட்டர் பக்கம் நின்றதால் புருவமும் ஒரு கையும் கருகியதோடு தப்பினேன்.

இரண்டாம் நாள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவு இருந்தது. "மாமா, கஸ்டமர் யாருக்கும் ஒண்ணும் ஆவலையே?" என்று கேட்டான். ஆகவில்லை என்றேன். ஒன்பதாம் நாள் இறந்துபோனான்.

4. விசாரணை

சேஃப்டி ஆபீசர் வாக்குமூலம் எடுக்க வந்தார். "பஹலே கேஸ் கா ஸ்மெல் ஆயா தா, பாய்?" என்று கேட்டார். வாடை ஏதாவது வந்ததா, யாராவது சொன்னார்களா என்று இரண்டு தடவை கேட்டார்.

"நஹி சாப்", இல்லை என்றேன். ஜெயில் என்று பயந்தேன், விசா போய்விடும் என்று பயந்தேன். வேறு காரணம் எதுவும் இல்லை. அந்தத் திருநெல்வேலிக்காரரை யாரும் தேடவில்லை. ஓஸ் கசிந்ததா, பர்னர் திருகு திறந்திருந்ததா என்று எரிந்துபோன சாமானை வைத்துச் சொல்ல முடியவில்லை. வாடை வரவில்லை என்ற என் பேச்சை வைத்து, ஆபரேட்டர், அதாவது ஜமால், திருகை மூடாமல் விட்டதால் விபத்து என்று எழுதினார்கள். அதன் அடியில் சாட்சிக் கையெழுத்து என்னுடையது.

5. தொண்டி

கிச்சன் வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டிய பாடம் இதுதான். வாடை வருகிறது என்று யார் சொன்னாலும், நூறாவது ஆள் சொன்னாலும், சிலிண்டரை மூடிவிட்டுப் போய்ப் பாருங்கள். அங்கேயே நிற்கிறவனின் மூக்கு செத்துப்போயிருக்கும். புதிதாக வருகிறவனின் மூக்குதான் சரியாக வேலை செய்யும். இதோடு முடித்தால் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அடுத்த லீவில் தொண்டிக்குப் போனேன். ஜமாலின் மனைவி நூர்ஜஹான் டீ கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார்.

"அண்ணே, அடுப்ப மூடாம விட்டுட்டாருன்னு பேப்பர் வந்துருக்கு. அங்கேருந்து போன்ல பேசுறப்பகூட, ரெகுலேட்டர மூடுனியா, மூடுனியான்னு என் உசுர வாங்குவாரு. அவரா மறந்துருப்பாரு?"

டீயை வைத்துவிட்டு நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அப்ப அவரு பாக்கணும்னு சொன்னாரு."

"சொன்னான்மா."

"எழுதிக் குடுங்க அண்ணே. வாப்பா கவனமில்லாம செத்துப்போனாருன்னு புள்ளைங்க நெனச்சுக்கிட்டு இருக்கு."

மகளின் பள்ளி நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். எழுதினேன். கஸ்டமர் எச்சரித்தார், ஜமால் சிலிண்டரை மூடிப் பார்க்கிறேன் என்றான், நான் வேண்டாம் என்றேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் வாங்கி நிதானமாகப் படித்தார். பிறகு தாளை என்னிடமே திருப்பி நீட்டினார்.

"ஏன் வேண்டாம்னு சொன்னீங்கன்னு எழுதல. லைன் நிக்கிதுன்னு சொன்னீங்களே, அதையும் எழுதுங்க."

எழுதினேன்.