மேசை பிடிக்கும் வெண்டலின்

எங்கள் ஊர்ப் பனிச்சறுக்குச் சங்கத்துக்கு இடம் தேடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. தலைவர் ஓட்மாருக்குச் செங்குத்தான மலை வேண்டும். இர்ம்கார்டுக்குச் சமையலறைத் தரை மாதிரி மட்டமாக இருக்க வேண்டும். அதிலும் விழுந்துவிட்டு அழுவாள். மற்றவர்களுக்குச் சறுக்குவதெல்லாம் இரண்டாம் பட்சம், முகத்தில் வெயில் அடித்தால் போதும். இதில் எல்லாருக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று: செலவு கையைக் கடிக்கக் கூடாது. நாங்கள் தெற்கு ஜெர்மனியின் ஸ்வேபியாக்காரர்கள். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவர்கள்.

இத்தனை பேர் வாயையும் வருஷா வருஷம் அடைத்து வந்தவன் என் தம்பி வெண்டலின். மெத்தைக் கடையில் விற்பனையாளன். இலையுதிர் காலம் வந்துவிட்டால் ஆல்ப்ஸ் வரைபடத்தைத் தரையில் விரித்து அதன்மேலேயே படுத்துக்கிடப்பான். மலைமேல் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர்களுக்கு போன் போட்டு, "உங்க வாசல்ல வெயில் எதுவரைக்கும் நிக்கும்? உண்மையைச் சொல்லுங்க. பக்கத்து மலை மறைக்குதா? சூப்புல மாவு உருண்டை ஒண்ணா, ரெண்டா?" என்று போலீஸ்காரன் கணக்காக விசாரிப்பான்.

ஆனால் அந்த மகராசனுக்குச் சறுக்கவே தெரியாது. சங்கத்தில் இது எனக்கு மட்டும்தான் தெரியும். சறுக்குப் பலகைகளைத் தோளில் சுமந்து வந்து கடை வாசலில் பனியில் குத்தி வைப்பான். நல்ல வெயில் மேசையாகப் பிடித்து, எங்கள் கோட்டு, தொப்பி, கையுறை எல்லாவற்றையும் பெஞ்சு முழுக்கப் பரப்பிவிட்டு நடுவில் உட்காருவான். எவன் வந்து கேட்டாலும், "ஆள் வருது, ஆள் வருது." எங்களிடமோ, "யாராவது மேசை பிடிக்கணுமே, நீங்க போங்க" என்பான். என்னே தியாகம்! நாளெல்லாம் சறுக்கினவன் மாதிரி முகம் வெயிலில் கறுத்து, கண்ணைச் சுற்றி மட்டும் வெள்ளையாகத் தெரிய வேண்டும் என்பதற்காகச் சறுக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டேதான் சூப் குடிப்பான். வெட்கங்கெட்ட பயல்.

இந்த வருஷம் இத்தாலிப் பக்கம் தெற்கு திரோலில் ஓர் இடம் பிடித்தான். பேருந்தில் போகும்போது ஓட்மார் எழுந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"நம்ம வெண்டலின் இத்தனை வருஷமா நமக்காக மேசையிலயே கிடந்து தேஞ்சுட்டான். இந்தத் தடவை சங்கப் பந்தயத்துல முதல் ஆளா அவன்தான் இறங்கறான். மேசையை நாங்க பாத்துக்கறோம்!"

ஒரே கைதட்டல். தம்பி முகத்தில் ஈயாடவில்லை.

போய்ச் சேர்ந்ததும் கடை வாசல் மேசையில் கோட்டுகளைப் பரப்பிவிட்டு, மலைமேல் ஏற்றும் நாற்காலி லிஃப்டில் ஏறினோம். தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து வெடவெடத்தான். "அக்கா, கால் ஒடிஞ்சுபோச்சுன்னு சொல்லிடவா?"

"கவலைப்படாதே, இன்னும் கொஞ்ச நேரத்துல அது நிஜமாவே ஒடியும். பேசாம உண்மையைச் சொல்லித் தொலையேன்டா."

"சொன்னா சங்கத்தை விட்டுத் தூக்கிடுவாங்க. இதை விட்டா எனக்கு யாருக்கா இருக்கா? கடையில மெத்தைங்கதான் இருக்கு."

எனக்குப் பாவமாக இருந்தது. கோபமும் வந்தது. அதற்குள் மேலே வந்துவிட்டோம்.

கொடி அசைந்தது. வெண்டலின் நான்கடி நின்றபடி போனான். பிறகு பலகைமேல் உட்கார்ந்தான். பிறகு பலகை தனியாக, அவன் தனியாக. முதல் கொடிக்கம்பைக் கட்டிக்கொண்டான். அதுவும் பிடுங்கிக்கொண்டு கூடவே வந்தது. பயிற்சிக்கு வந்த வாண்டுகள் வரிசையாக அவனைத் தாண்டிப் போனார்கள். "மாமா, ஓரமா படுங்க!" என்று கத்தியது ஒரு பொடிசு. பாதி வழியில் வேலி வலைக்குள் மீன் மாதிரி சுருண்டு நின்றான்.

ஓட்மார் சறுக்கிக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தார். "என்னய்யா இது?"

"தலைவரே, எனக்குச் சறுக்கத் தெரியாது. ஒருநாளும் தெரிஞ்சதில்ல." சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

வலையைப் பிரித்து, அவனை நடத்திக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனோம். நல்ல பசி. போனால், வெயில் மேசை மொத்தமும் எவனோ ஹாலந்துக்காரக் கும்பல் கையில்! எங்கள் கோட்டுகள் ஒரு மூலையில் குவியலாகக் கிடந்தன.

"மேசையைப் பாத்துக்கறேன்னது யாரு?" என்றேன்.

தலைவர் இர்ம்கார்டைப் பார்த்தார். இர்ம்கார்டு தலைவரைப் பார்த்தாள். வேடிக்கை பார்க்கிற ஆசையில் அத்தனை பேரும் மேலே போயிருந்தோம். சறுக்குக் காலணியோடு குப்பைத் தொட்டிப் பக்கம் நிழலில் நின்றுகொண்டு சூப் குடித்தோம். ஆளுக்கு ஓர் உருண்டைதான் மிஞ்சியிருந்தது.

இர்ம்கார்டு பொறுக்க முடியாமல் வெடித்தாள். "சறுக்கறதுக்கு இங்க ஒரு கூட்டமே இருக்கு. மேசை பிடிக்க ஒரே ஒரு ஆளுதான் இருந்தாரு. அவரைப் போயி மலையில ஏத்தி விட்டீங்களே, உங்களுக்கு அறிவு இருக்கா?"

ஓட்மார் கிண்ணத்தைக் கீழே வைத்தார். நேரே போய் வெண்டலினின் பலகைகளை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார். தம்பி சூப்புக் கிண்ணத்தோடு அவர் பின்னாலேயே ஓடினான்.

"நல்லா கேட்டுக்கோ. இனிமே நீ இதைத் தொட்டதா தெரிஞ்சுது, உன்னைச் சங்கத்தை விட்டே தூக்கிடுவேன்!"