என்னைக் கண்டால் அடங்கும் எலிகள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் எனக்கு மந்திரக்காரர் என்று பெயர். மருந்துச் சோதனைக்காக எலிகளிடமிருந்து ரத்தம் எடுப்பது என் வேலை. மற்றவர்கள் உள்ளே போனால் கூண்டுகளில் ஓட்டமும் தாவலுமாக இருக்கும். நான் கதவைத் திறந்தால் போதும், அத்தனை எலிகளும் இருந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிடும். இந்தப் பெயர் வந்து இரண்டு வருடம் இருக்கும். நானும் மறுக்கவில்லை. புனேயின் பாணேர் பகுதியில் எங்கள் அடுக்ககத்து வாட்ச்மேன்கூட என்னைப் பார்த்து எழுந்திருப்பதில்லை. எலிகளாவது மரியாதை கொடுக்கட்டுமே என்றிருந்தேன்.

எலிகளோடு நான் தமிழில்தான் பேசுவேன். "என்னடா ராஜா, சாப்பிட்டியா? கொஞ்சம் கையைக் குடு, எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும்" என்பேன். புனேயில் என் பேச்சை முழுசாகக் கேட்டவை அவை மட்டுமே. என் மகள் பாதியிலேயே இந்திக்குத் தாவிவிடுவாள்.

எங்கள் தலைவி மராட்டியப் பெண்மணி, கால்நடை மருத்துவர். ஒருநாள் அவர் ஒரு குண்டைப் போட்டார். இனி ரத்தத்தை இயந்திரம் எடுக்குமாம். எலியின் கழுத்து ரத்த நாளத்தில் மெல்லிய குழாய் ஒன்றைப் பொருத்திவிட்டால், மணிக்கொரு தரம் சில சொட்டு எடுத்துக்கொள்ளும். எலி வலப்பக்கம் சுற்றினால் குழாய் முறுக்கிக்கொள்ளாமல் இருக்கக் கூண்டு இடப்பக்கம் சுற்றும். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி, "மனுஷங்களுக்கு இப்படி ஒண்ணு வராதா? போன மாசம் என்னை நாலு இடத்துல குத்தினாங்களே" என்றாள்.

இரண்டு கம்பெனிகள் ஆளுக்கொரு இயந்திரத்தை ஒரு வாரம் பார்க்கக் கொடுத்தன. முதலாவதில் சேரும் ரத்தக் குப்பிகளை மாற்ற ஒரு நாளைக்கு மூன்று தடவை ஆள், அதாவது நான், உள்ளே போக வேண்டும். இரண்டாவதில் குப்பிகள் சுவருக்கு வெளியே குளிர்பெட்டியில் சேரும், யாரும் உள்ளே போக வேண்டாம். நான் முதல் இயந்திரத்தின் கட்சி. காரணம் வெளிப்படை. இரண்டாவதை வாங்கினால் எனக்கும் எலிகளுக்கும் உறவு அறுந்துபோகும். இயந்திரம் வாங்கும் கமிட்டியில் மேசையைத் தட்டி, "எலிக்கு மனுஷ முகம் தெரியணும் மேடம். அதுங்க என்னைத் தேடும்" என்றேன். அவர் எதையோ எழுதிக்கொண்டார்.

வார முடிவில் வரைபடங்கள் வந்தன. ரத்தத்தில் பயத்தைக் காட்டும் சுரப்பு ஒன்று உண்டு, அதைத்தான் அளந்திருந்தார்கள். இரண்டாவது இயந்திரம் இருந்த அறையின் கோடு ஏற்ற இறக்கமில்லாமல் போயிற்று. முதல் அறையில் தினமும் மூன்று மலைகள், சரியாகக் குப்பி மாற்றும் நேரங்களில். என் கட்சியையும் மறந்து, இயந்திரத்தின் சத்தம்தான் காரணம் என்று நான் ஒரே போடாகப் போட்டேன். முதல் கம்பெனிக்காரரின் முகம் தொங்கிப்போயிற்று.

தலைவி பேனா முனையை ஓரிடத்தில் வைத்தார். புதன்கிழமை மதியம் மட்டும் மலை இல்லை.

"அண்ணா, புத்வார் தோபஹர் ஆப் கஹாங் தே?" என்றார். அன்று மதியம் நான் எங்கே இருந்தேனாம்.

புதன்கிழமை மதியம் நான் பல் பிடுங்கப் போயிருந்தேன். குப்பி மாற்றியவர் அவரேதான். ஆக, எலிகள் பயந்தது இயந்திரத்துக்கு அல்ல, மனிதருக்கும் அல்ல, எனக்கு. அசையாமல் நின்றதெல்லாம் மரியாதை இல்லை, நடுக்கம். பிடுங்கின இடத்தில் விட்ட வலி மறுபடி விண்ணென்று கிளம்பியது. ஏனென்று மட்டும் புரியவில்லை. நான் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். பால்கனிக் கொடியிலிருந்து விழுந்திருந்த என் துண்டில் எங்கள் பூனை சுருண்டு கிடந்தது.

துண்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். எலிக்கூடத்துக்குள் போகும்முன் குளித்து, அவர்கள் தரும் உடையைப் போட வேண்டும். துண்டும் தருவார்கள். அதை நான் தொட்டதே இல்லை. கண்டவர்கள் துடைத்த துண்டில், அது எத்தனை சலவை கண்டிருந்தாலும், என் முகத்தைத் துடைப்பதா? என் ஈரிழைத் துண்டைப் பையில் சுருட்டி எடுத்துப் போவேன், இரவில் அது கொடியில் காயும்; அன்று கமிட்டி மட்டுமே என்பதால் வீட்டிலேயே இருந்தது. விதிமுறையில் கூடாதுதான். சுத்தம் பார்க்கிறவனை யார் தடுப்பார்கள்?

"பூனை தினமும் இதுலதான் படுக்குதா?" என்று மகளிடம் கேட்டேன்.

"ஹாங் அப்பா, ரோஜ் இதுலதான் தூங்கும். ஸாஃப்ட் இருக்கில்ல?" என்றாள்.

பூனை எங்கள் வீட்டுக்கு வந்து இரண்டு வருடம். என் மந்திரத்துக்கும் அதே வயது. குளித்து முடித்து, தலை முதல் கால்வரை பூனை வாசத்தைப் பூசிக்கொண்டு, ஒவ்வொரு எலியையும் கையிலெடுத்து 'ராஜா' என்று கொஞ்சியிருக்கிறேன். முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அழுகை வந்தது. அந்தச் சின்னப் பிராணிகள் என் உள்ளங்கையில் என்ன நினைத்திருக்கும்?

மறுநாள் கமிட்டியில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். துண்டைப் பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தேன். தலைவி அதைப் பேனாவால் தூக்கிப் பார்த்தார். மூன்று வெள்ளை முடிகள் காற்றில் பறந்தன. அறையே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை, பயந்த எலிகளின் ரத்தத்தில் வந்த என் பழைய கணக்குகளையெல்லாம் திருப்பிப் பார்க்க வேண்டும் என்றார். தலையாட்டினேன். முதல் கம்பெனிக்காரருக்கு உயிர் வந்தது. "அப்போ துண்டை மாத்திட்டா எங்க மெஷின் போதும்தானே, சார்?"

"துண்டை மாத்திடலாம். இன்னும் என்னென்ன கொண்டு வர்றேன்னு எனக்கே தெரியாதே" என்றேன். இரண்டாவது இயந்திரத்துக்குக் கை தூக்கினேன்.

அதைத்தான் வாங்கினார்கள். இப்போது கண்ணாடிக்கு வெளியே நின்று திரையைப் பார்ப்பதுதான் என் வேலை. முதல் நாள், பழக்க தோஷம், கண்ணாடியருகே குனிந்து, "என்னடா ராஜா, சாப்பிட்டியா?" என்றேன். உள்ளே ஒன்று உணவுக் கட்டியைக் கொறித்துக்கொண்டிருந்தது. தலை நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தது. பிறகு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்து, நிதானமாகக் கொறிக்க ஆரம்பித்தது.

என்னை அது சட்டையே செய்யவில்லை. அன்று முழுக்க எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.