பின்சீட்டுக்கு ஒரு சாய்வு

என் கணவருக்கு முதுகில் அறுவை சிகிச்சை நடந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. பைக்கில் பின்னால் உட்காரலாம், ஆனால் முதுகுக்குச் சாய்வு இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து ஓட்டுவது அவர், பின்னால் உட்காருவது நான். அவர் படுத்திருந்த நாட்களில்தான் எங்கள் காக்ஸ் டவுன் பகுதித் தெருக்களில் கியர் வண்டி பழகி, நான் வேலை பார்க்கும் பள்ளிக்கும் அதிலேயே போகத் தொடங்கியிருந்தேன்.

சாய்வை ஆன்லைனில் வரவழைத்து, தெருமுனை மெக்கானிக்கிடம் மாட்டித் தரச் சொன்னேன். சார் குணமாகி அவரே ஓட்ட ஆரம்பிக்கட்டும், அப்புறம் எதற்கு இதெல்லாம் என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. நானே மாட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

வீட்டில் இருந்தது, தண்ணீர்க் குழாய்க்கு வாங்கிய அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் ஒன்றுதான். பின்சீட்டுக் கைப்பிடியின் நான்கு போல்ட்டுகளையும் கழற்றினால்தான் சாய்வை மாட்ட முடியும்; முதல் போல்ட்டில் ஸ்பேனரை வைத்துத் திருகினேன். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை போல்ட்டின் மூலைகள் மழுங்கின. என் விரல்முட்டியிலும் தோல் உரிந்தது.

போல்ட்டைப் படம் எடுத்துக்கொண்டு டூல்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் படத்தைப் பார்க்கவே இல்லை. வண்டியைக் கொண்டுவரச் சொன்னார். திரும்பிப் போய் வண்டியோடு வந்தேன். நான் ஒரு ரிங் ஸ்பேனரை எடுத்ததும் கையிலிருந்து வாங்கி வைத்துவிட்டார்.

"அது பேடா, வேண்டாம் மேடம். உள்ள பன்னெண்டு பல்லு இருக்கு, தேஞ்ச போல்ட்ல நிக்காது. ஆறு பக்கம் இருக்கற சாக்கெட் எடுங்க."

ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்ததில் பதினாலாம் நம்பர் ஆடாமல் உட்கார்ந்தது. அதையும், நீளமான கைப்பிடி ஒன்றையும் வாங்கினேன். நாற்பது சாமான்கள் அடங்கிய பெட்டியைக் காட்டினார். வேண்டாம் என்றேன்.

வீட்டு வாசலில் மறுபடி உட்கார்ந்தேன். துரு இளக எண்ணெய் விட்டுக் காத்திருந்து இழுத்தேன். போல்ட் அசையவில்லை. நாற்காலியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த கணவர், "விடும்மா, ஆட்டோல போயிக்கலாம்" என்றார்.

"ஆட்டோல போறதுக்கா நான் வண்டி கத்துக்கிட்டேன்?"

அவர் தடியை ஊன்றி எழுந்து பக்கத்தில் வந்து நின்றார். "உன் பக்கமா இழுக்காத, வண்டிதான் சாயும். மேலேர்ந்து அழுத்து. உடம்பு வெயிட்டப் போடு."

போட்டேன். டக்கென்று சத்தம் கேட்டது. உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். இல்லை, கழன்றிருந்தது. மற்ற மூன்றும் எளிதாகவே வந்தன. சாய்வோடு வந்த புது போல்ட்டுகளை மாட்டி, ஒன்று மாற்றி ஒன்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கச் சொன்னார். முடித்தபின் இருவரும் சாய்வைப் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். வண்டிதான் ஆடியது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் புறப்பட்டோம். முதல் திருப்பம் வரை என் தோளை இறுகப் பிடித்திருந்தார். அப்புறம் கைகளை எடுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தார்.

"எவ்ளோ நேரம் ரெண்டாவது கியர்லயே போவ?" என்று கேட்டார்.

நான் மாற்றவில்லை. எதிரில் வேகத்தடை இருந்தது.