ஈராக் மூட்டையும் ரஷ்யா மூட்டையும்

செல்லக்கண்ணு அண்ணன் இலங்கைத் தோட்டத்திலிருந்து இங்கே வரும்போது கொண்டுவந்தது ஒரு தகரப் பெட்டியும் ஒரு முதுகும்தான். பெட்டி துருப்பிடித்துப் போனது. முதுகை வைத்து ஜெகதளாவுக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலை ஃபேக்டரியில் இருபத்தைந்து வருஷம் லாரிக்கு மூட்டை ஏற்றினார். எதைத் தூக்கினாலும் எடை சொல்லிவிடுவார். என்னோடு வேலை செய்த ரோஸ்மேரியின் மகளைத் தூக்கி, "ஒன்பதே கால் கிலோ" என்றார். ஆஸ்பத்திரித் தராசும் அதையேதான் சொன்னது.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. ரஷ்யாவுக்குப் போகும் இலைத்தூளில் நார் பொறுக்க நாங்கள் ஆறு பெண்கள் இருந்தோம். ஈராக்குக்குப் போவது டஸ்ட் என்னும் பொடித்தூள். அதற்கு நார் பொறுக்க ஆள் வேண்டாம். அந்த வருஷம்தான் புதிதாக வந்திருந்த மேனேஜர் ஜெகதீசன் சுவரில் ஒரு படம் ஒட்டினார். ரஷ்யாவின் சிவப்புக்கோடு இறங்கியது, ஈராக்கின் பச்சைக்கோடு ஏறியது.

"வேலாயிக்கா, கோவிச்சுக்காதீங்க. ரெண்டு வருசத்துல ரஷ்யா எறங்கிருச்சு, ஈராக் ரெட்டிப்பாயிருச்சுங்க. அடுத்த மாசத்திலிருந்து டஸ்ட் மட்டுந்தானுங்க."

"அப்ப நாங்க ஆறு பேரு?"

செல்லக்கண்ணு அண்ணன் வாசலிலிருந்து கேட்டார்.

"ரெட்டிப்பா? எனக்குத் தெரியாம எந்த வழியா ஏத்துனீங்க ஐயா?"

"கேட் நோட்டுல இருக்குதுங்ண்ணா. அப்ப மாசம் இருநூறு மூட்டை, இப்ப நானூறு."

"மூட்டை நானூறுதான். லாரிக்கு என் நடை இப்பவும் இருநூறுதான். முன்ன ஒண்ணு தூக்குனேன், இப்ப ரெண்டு ரெண்டா தூக்குறேன்."

"உங்களுக்குப் பலம் கூடிருச்சோ என்னமோ."

"அறுபது வயசுலயா?"

"அண்ணன் ஈராக் டஸ்ட்டக் குடிச்சிருப்பாரு!" என்றாள் ரோஸ்மேரி.

அண்ணன் சிரிக்கவில்லை. பனி வராமலிருக்க உடைந்த ஜன்னலில் நாங்கள் அடைத்திருந்த பழைய ஈராக் சாக்கை உருவினார். புது மூட்டை ஒன்றைப் பிரித்து அதில் கொட்டினார், பாதிதான் நிறைந்தது. இன்னொன்றைக் கொட்டினார், வாய்வரை வந்தது.

மேனேஜர் சாக்கில் அச்சடித்திருந்ததைப் படித்தார். ஐம்பது கிலோ. புது மூட்டையில் இருபத்தைந்து.

"கேட்ல மூட்டைய மட்டுந்தான் எண்ணியிருக்காங்க," என்றார் மெதுவாக. "ஈராக் ஏறவே இல்லீங்க."

"ரஷ்யா மூட்டை?" என்று நான் கேட்டேன்.

"அது மாறல தங்கச்சி," என்றார் அண்ணன். "முன்ன முந்நூறு நடை, இப்ப இருநூத்தி நாப்பது."

நல்ல மனுஷர், எங்களுக்காகக்கூட ஒரு நடை கூட்டிச் சொல்லவில்லை.

மேனேஜர் பச்சைக்கோட்டைப் பேனாவால் அடித்தார். "சரிங்க, பொறுக்குற வேலையும் இருக்கட்டும். ஆனா ரஷ்யா கொறஞ்சது நெசந்தானுங்க. ஆறு நாளுக்குப் பதிலா வாரம் மூணு நாள் வாங்க."

நான் நகரவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதுதான். அதற்காகப் பங்கு பிரிக்கத் தெரியாதா?

"ஏனுங்க, ரஷ்யாக்காரன் அஞ்சு மூட்டைக்கு ஒண்ணுதான கொறச்சான்? எங்களுக்கு மட்டும் பாதியா?"

அவர் விரலை மடக்கிப் பார்த்தார். "அப்படிப் பாத்தாலும் அஞ்சு நாள்கூட முழுசா வராதுங்க்கா, கொஞ்சம் கொறையும்."

அந்தக் கொஞ்சத்தையும் நான் விடவில்லை. வாரம் ஐந்து நாள் முழுதாக வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன்.